இரண்டு உயரத்தில் சமையல் மேடை: ஆறு வருஷம் கழித்து

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. சமையலறை 10-க்கு 8 அடி. 2019-ல் அதை மட்டும் இடித்துப் புதிதாகக் கட்டினோம். கட்டி முடித்த மாதத்தில் எந்தச் சமையலறையும் நன்றாகத்தான் இருக்கும். தினமும் மூன்று வேளை சமைத்து ஆறு வருஷம் ஆன பிறகு எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று சொன்னால், இப்போது இந்த வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் உயரம். பழைய மேடை 34 அங்குலம். அதன் மேல் அடுப்பு 5 அங்குலம், அதற்கும் மேல் குக்கர் 7 அங்குலம். கூட்டினால் 46. என் உயரம் 5 அடி 1 அங்குலம், நேராக நின்றால் முழங்கை 38 அங்குலத்தில் இருக்கிறது. அதாவது பருப்பு மசிக்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன். தோள்பட்டை வலிக்கு எத்தனை தைலம் தேய்த்திருப்பேன்! சிங்க்கில் கதை நேர் எதிர். அதன் அடி மேடையைவிட 9 அங்குலம் பள்ளம், அங்கே குனிந்து குனிந்து இடுப்பு போனது.

அதனால் அடுப்புப் பக்கத்தை மட்டும் தாழ்த்தச் சொன்னேன். "மேடையில படி வச்சா பார்க்க நல்லா இருக்காதுக்கா" என்றார் கொத்தனார். அவர் தயங்கியதிலும் நியாயம் உண்டு, கிரானைட்டில் கூடுதலாக ஒரு இணைப்பு வரும். சரி, செய்து பார்த்தே முடிவு செய்வோம் என்று கொல்லையில் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, அடுப்பை அதன் மேல் வைத்தோம். காலிக் குக்கரை ஏற்றிக் கரண்டியால் கிண்டிப் பார்த்தேன். பலகையை ஏற்றி இறக்கி 29 அங்குலத்தில் நிறுத்தினோம். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் 34 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி எங்கே வர வேண்டும் என்பதுதான் பெரிய யோசனை. முதல் வரைபடத்தில் அடுப்பை ஒட்டியே இருந்தது. அப்படியானால் கொதிக்கிற குழம்புச் சட்டியைப் படியில் இடிக்காமல் தூக்கித்தான் அந்தப் பக்கம் இறக்கி வைக்க வேண்டும். அது ஆபத்து. அடுப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் படியை வைத்தோம். இந்த ஆறு வருஷத்தில் அந்த ஒன்றரை அடியை நான் நன்றியோடு நினைக்காத நாள் இல்லை. குறை என்றால், படியின் மூலையில் ரவையும் கடுகும் போய்ச் சேரும். இணைப்பு கறுத்துவிடும், வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்தது அது. மூன்று பக்கமும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைவிட கிரைண்டருக்குத்தான் நடை அதிகம். ஊறிய அரிசியைக் களைந்து போட, மாவை வழிக்க, கல்லைக் கழுவ, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அதனால் சிங்க்கை ஒட்டியே கிரைண்டருக்கு நிரந்தர இடமும் தனி பிளக் பாயிண்டும் வைத்தோம். இனி அதைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் வாசல் பக்கம் போய்விட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது கோலமாவு. கூடத்துத் தரையில் முழு அளவில் கோடு போட்டு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் எங்கே வரும் என்று வரைந்தபோதுதான், பழைய இடத்தில் கதவு திறந்திருந்தால் இன்னொருவர் கடக்கவே முடியாது என்று தெரிந்தது.

கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும், அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். வைத்தோம், வெளிச்சம் அருமை. ஆனால் அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல் அமைந்துவிட்டது. ஆடி மாசக் காற்றில் தீ அணைந்து அணைந்து போகும். அப்புறம் கீழ்ப்பாதிக்குத் திறக்க முடியாத கண்ணாடி போட்டோம்.

சிலிண்டர் வைக்கும் இடத்துக்கு மரக்கதவு வேண்டாம் என்றேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் கீழே வரை ஜாலி வைத்த கதவு. இதில் மட்டும் யார் சொன்னாலும் இறங்கி வராதீர்கள்.

பெரிய நஷ்டம் சிங்க்குக்குக் கீழே. அலமாரி செய்துகொடுத்த கடைக்காரர் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மரத்தூள் பலகை. அதை எடுத்துவிட்டுக் கடப்பா கல்லும் அலுமினியக் கதவும் போட்டோம், இன்றுவரை அசையவில்லை. மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள பிளைவுட்டா என்று பலகையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அப்போதே இன்னொன்றும் செய்தோம். மேடைக் கல்லின் அடியில், விளிம்பை ஒட்டி விரல் நுனி அகலத்துக்கு ஒரு காடி வெட்டச் சொன்னேன். வழிகிற தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடுகிறது. சின்ன வேலைதான், ஆனால் அலமாரிக் கதவுகளைக் காப்பாற்றியது.

கீழ் அலமாரிகளில் இழுப்பறை வைத்தது நல்ல முடிவு. தட்டும் டம்ளரும் எடுக்க அத்தை குனிய வேண்டியதில்லை. மூலையில் வைத்த சுழலும் தட்டு மட்டும் ஏமாற்றம். கனமான டப்பா வைத்தால் சாய்கிறது, பின்னால் விழுந்ததை எடுக்க முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அரிசி டின்னை வைக்கப்போகிறேன்.