வாவிக்கரை வெறுங்காணிக்கு எந்த ஃபொலி?

மட்டக்களப்பின் புளியந்தீவில் வாவியை ஒட்டி, மதில் பாதி இடிந்து, குப்பையும் நாயுருவியும் மண்டிக் கிடக்கும் ஐந்தாறு பேர்ச்சஸ் காணியை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டக் காணாது, பூங்காவுக்கும் காணாது. இப்படியான மூலைகளுக்கு உயிர் கொடுக்கப் பல நகரங்கள் ஃபொலி கட்டுகின்றன: இன்ன வேலைக்கு என்று கட்டாயமில்லாத, பார்க்கவும் ஏறவும் உட்காரவும் ஏற்ற சிறு கட்டடம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் இடிந்த கோபுரம் போலவே புதிதாகக் கட்டி வைத்தார்கள். நமக்கு உண்மையான இடிபாடுகளே தாராளம். அந்த வகையை விட்டுவிடலாம். இப்போது ஊருக்கு ஊர் முளைக்கும் ‘ஐ லவ்’ எழுத்துப் பலகையையும் விட்டுவிடலாம். படம் எடுத்தால் அதன் வேலை முடிந்தது.

மிஞ்சுவது நிலையாகக் கட்டுவதா, கழற்றக்கூடியதாகக் கட்டுவதா என்ற கேள்வி.

நிலையான வகைக்குப் பெயர் பெற்றது பாரிஸின் லா வில்லெத் பூங்கா. இறைச்சிக்கூடங்கள் இருந்த நிலம் அது. 1980களின் தொடக்கத்தில் நடந்த போட்டியில் வென்ற கட்டடக்கலைஞர் பெர்னார்ட் சுமி, 120 மீற்றருக்கு ஒன்று என்ற கட்டத்தில் சிவப்புக் கட்டடங்களை நட்டார். ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணில் படும். சிதறிக் கிடந்த பெரிய நிலம் அதனால் ஒன்றாகிறது. தென்கொரியாவின் குவாங்ஜு நகரம் 2011 இல் பழைய கோட்டை மதில் ஓடிய தடத்தில் இத்தகையவற்றை வைத்தது. ஒல்லாந்தர் கோட்டை வைத்திருக்கும் நமக்கு அந்த யோசனை ஆசையைக் கிளப்பும்தான். ஆனால் சுமியின் முறைக்குப் பரந்த நிலம் வேண்டும், எப்போதும் பராமரிக்க ஆளும் வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பது வாவிக்கரையில் கேட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் காசு, மூன்றாம் வருடம் பெயின்ற் அடிக்கக் கிடைப்பதில்லை.

கழற்றும் வகைக்கு நல்ல உதாரணம், அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழு 2011 இல் கிழக்கு லண்டனில் ஒரு நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் செய்தது. சாரம் கட்டி, அதில் மரத்துண்டுகளைச் செங்கல் போலக் கோர்த்து, ஒரு கோடைக்கு மட்டும் வீடு மாதிரி ஒன்றை எழுப்பினார்கள். படம் காட்டினார்கள், தேநீர் விற்றார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் சனம் கூடும் என்பது அதற்குள் நிரூபணமாகிவிட்டது.

இதற்கு லண்டனைப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கு நம் ஊர்களில் போடும் வட்டக்களரி அதே வேலையைச் செய்கிறது. மண்ணை வட்டமாக உயர்த்திக் கட்டுகிறார்கள், நடுவில் கூத்தை நடத்தும் அண்ணாவியார் நிற்கிறார், சனம் நாலாபுறமும் உட்காருகிறது. இதில் முக்கியம், களரிக்கு முதுகு இல்லை. கைவிட்ட காணியில் சுவர் வைத்து எதைக் கட்டினாலும் அதற்கு ஒரு பின்பக்கம் உண்டாகும். பின்பக்கம் உண்டானால் சில நாளில் அங்கே குப்பைப் பை வரும், மூத்திர நாற்றமும் வரும். பாதுகாவலர் போட்டாலும் அது தீராது. எல்லாப் பக்கமும் முகமாக இருந்தால் ஒளித்துப் போட இடமே இல்லை.

எனவே என் தெரிவு இரண்டையும் கலந்தது, ஆனால் கழற்றும் பக்கம் சாய்ந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்குச் சீமெந்தில் வட்டத் திண்ணை. இரும்பு வெளியே தெரியாததால் துருப்பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே சவுக்குக் கம்பும் கிடுகும். பந்தல் போடுகிறவர்களே செய்துவிடுவார்கள், கட்டடக்கலைஞர் கம்புகளின் சாய்விலும் கூரையின் வடிவத்திலும் விளையாடட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கம் மட்டும் படங்கு ஒன்றைத் தொங்கவிட்டு, மாலையில் சுருட்டி ஏற்றலாம்.

மாரிக்கு முன் கூரையைக் கழற்றுவதில் சமரசம் வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழைக்காலம் முழுவதும் திண்ணை மட்டும் நனைந்து கிடக்கும், அதனால் நட்டமில்லை. தை பிறந்ததும் புதுக் கிடுகு, முடிந்தால் வேறு வடிவம், வேறு பாடசாலைப் பிள்ளைகளின் கையால்.

நிலையான கட்டடத்துக்கு நியாயமான ஒரு வாதம் உண்டு: காணி யாருடையது என்ற இழுபறியில் கட்டிடம் எழும்பினால் பிறகு யாரும் பிடிக்க மாட்டார்கள். சரி, ஆனால் அந்த வேலையைத் திண்ணையே செய்துவிடும். மாநகர சபையின் அனுமதியும், கரைக்கு அண்மை என்பதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் கேட்கும்போது, திண்ணைக்கு ஒரு வரைபடம், கூரைக்குத் தனியாக ஒன்று என்று கொடுங்கள். கூரை வருடா வருடம் மாறும் என்று அதிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு தையிலும் திரும்பக் கந்தோர் ஏறுவது மிச்சமாகலாம்.