பழைய பைக்கை யாரிடம் விற்பது: கன்சல்டிங்கா, எக்ஸ்சேஞ்சா, நேரடியாகவா?

விலையை மட்டும் பார்த்தால் இதில் அலச ஒன்றுமில்லை. நேரடியாக விற்றால் பணம் கூடும், கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில், குறையும், ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் இன்னும் குறைத்துவிட்டு போனஸ் என்று ஒன்றைச் சேர்த்துச் சமாதானம் செய்வார்கள். என் யமஹா எஃப்இசட்டுக்கு நாகர்கோவிலில் ஒரு கன்சல்டிங்கில் 38,000 சொன்னார்கள். நேரடியாக விற்றபோது 45,000க்குப் போனது. கடைக்காரரும் பிழைக்க வேண்டும்; பாலிஷ், சீட் கவர், சில்லறை வேலை எல்லாம் அவர் செலவு. அதனால் அந்த ஏழாயிரத்தை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

நான் பார்த்தது ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை. வண்டியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போது ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது? டெஸ்ட் ரைடில் அந்தக் கேள்வி பத்து நிமிடத்துக்கு. பெயர் மாற்றாமல் விற்றுவிட்டால் வருடக்கணக்கில்.

மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர் என்பவர் பதிவில் பெயர் உள்ளவர். பல கை மாறிப்போன ஒரு கார் விபத்து வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது: எத்தனை பேருக்கு விற்றிருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. டெலிவரி நோட்டில் தேதி, மணி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது என்பது நம்மூர் நம்பிக்கை. போலீஸ் விசாரிக்க வந்தால் அந்தத் தாள் உதவும். அடிபட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால் அது நம்மைக் காப்பாற்றாது.

கன்சல்டிங்கில் எனக்கு இடித்தது இதுதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துக் கேட்டார்கள். வாங்குபவர் பெயர் இடம் காலி. "ஆள் வந்ததும் நாங்களே எழுதிக்குவோம் அண்ணே" என்றார்கள். அந்த ஆள் எப்போது வருவார்? வந்தவர் பெயர் மாற்றாமலே ஓட்டினால்? அவர் அதே காலிப் படிவத்தோடு இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால்? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய் வருவது தினசரி நடப்பு. 2023 ஜூன் முதல் கேரளத்தில் ஏஐ கேமரா அபராதம் போடுகிறது. ஹெல்மெட் இல்லாமல் எவனோ பாறசாலை பக்கம் போனதற்கு இங்கே என் பெயருக்கு நோட்டீஸ் வரும். அபராதம் என்றால் கட்டித் தொலைக்கலாம், விபத்து என்றால் அப்படி முடியாது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் என்று விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் உள்ள கடையில் வண்டியை ஒப்படைத்து படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆளுக்குப் போகும்வரை கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். கடையில் நுழைந்ததும் அந்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். இருந்தால் என் புகாரில் பாதி போய்விடும், விற்கிறவருக்கு அலைச்சலும் மிச்சம். நான் போன கடையில் கேட்டதற்குப் பேச்சு மாறிவிட்டது.

எக்ஸ்சேஞ்ச் நான் செய்ததில்லை, மைத்துனர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு சரி. புது வண்டி எடுப்பவருக்கு வசதிதான். ஆனால் பழைய வண்டி ஷோரூமிலிருந்து பெரும்பாலும் ஒரு புரோக்கர் கைக்குத்தான் போகிறது, ஆகவே காலிப் படிவக் கேள்வி அங்கேயும் இருக்கிறது.

நேரடி விற்பனையில் வாங்குகிறவர் முகம் தெரியும், அவர் பெயரை நம் கண் முன்னே எழுதலாம். இதில் உள்ள ஆபத்து, அறிமுகமில்லாத ஆட்களுக்குச் சாவி கொடுப்பது. அதைக் குறைக்க, முதலில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லி வைத்தேன். ஆன்லைன் விளம்பரம் அதற்கப்புறம்தான். விளம்பரம் போட்டால் "ராணுவத்தில் இருக்கேன், வண்டியைப் பார்க்க வேண்டாம், கியூஆர் அனுப்புறேன்" என்கிற மோசடி வகையறாக்கள்தான் முதலில் வரும். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. இதற்கு மேல் அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

டெஸ்ட் ரைடை வீட்டு வாசலில் வைக்காமல் மெக்கானிக் கடையில் வைத்தேன். கேமரா உண்டு, ஆட்களும் உண்டு, வந்தவர் இன்ஜினை அங்கேயே காட்டிக்கொள்ளலாம். முதலில் லைசென்ஸ். கியர் பைக் ஓட்ட அனுமதி உள்ளதா, காலாவதி ஆகவில்லையா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 அபராதம், சிறைக்கும் இடமுண்டு. பதினெட்டு ஆகாத பையன் என்றால் 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை, பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் திரும்ப வசூலிக்கலாம். "அண்ணே, லைசென்ஸ் வீட்ல இருக்கு, ஒரு ரவுண்டு போயிட்டு வாறேன்" என்று ஒரு தம்பி கேட்டான். வீட்டுக்குப் போய் எடுத்துவிட்டு வா மக்கா, வண்டி இங்கேதான் நிற்கும் என்றேன். அவன் திரும்பி வரவில்லை.

பின்னால் உட்கார்ந்து போவதா, தனியாக விடுவதா? பின்னால் உட்கார்ந்தால் வண்டி கண்ணை விட்டுப் போகாது, ஆனால் அறிமுகமில்லாதவர் முறுக்கும் வேகத்தில் நம் உயிரும் சேர்ந்து போகிறது. நான் முதலில் அவரைப் பின்னால் ஏற்றி நானே ஓட்டிக் காட்டினேன். கியர், பிரேக், சத்தம் பாதி அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் தனியாக, ஹெல்மெட் போட்டு, கடையிலிருந்து பார்த்தால் தெரியும் நேர்ரோட்டில் ஒரு திருப்பம் வரை. அதுவரை அவர் வந்த வண்டியின் சாவி என் கையில். அந்த வண்டியும் அவருடையதுதானா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பர் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரிஜினல் ஆர்.சி.யை வண்டியில் வைத்து அனுப்பக்கூடாது. மழை நேரத்தில், இருட்டிய பிறகு ரைடு கிடையாது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் இருக்கும், திருடு போன வண்டிக்கு அதில் பைசா வராது.

வாங்கியவர் ஈத்தாமொழிக்காரர், மெக்கானிக்குக்குத் தெரிந்தவர். கேட்ட முதல் கேள்வி "கடற்கரையில நிறுத்துன வண்டியா?" குனிந்து செயின் கவர் உள்பக்கம், ஸ்விங் ஆர்ம், சைலன்சர் வளைவு என்று உப்புத் துருவைத் தேடினார். நம்பர் பிளேட் ஸ்க்ரூவைக்கூட நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்படிப் பார்க்கிறவர் பெயர் மாற்றத்திலும் ஒழுங்காக இருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அட்வான்ஸ் வாங்கி, பெயர் மாற்ற விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு, ஆர்.சி.யில் பதிந்த மொபைலுக்கு வந்த ஓடிபியை நானே கொடுத்தேன். பழைய நம்பர் பதிவில் இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். லோன் வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) படிவம் 35ம் வைத்து அடமானத்தை நீக்க வேண்டும். மீதிப் பணம் வந்ததை ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காமல் கணக்கில் பார்த்த பிறகு சாவி. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸை அவர் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் கேட்க வேண்டும். ஆன்லைனில் அவர் பெயர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் என்னிடமிருந்த நகல்களைக் கட்டி வைத்தேன்.

பாறசாலையிலிருந்தும் ஒருவர் ஆயிரம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார். வேறு மாநிலம் என்றால் படிவம் 28 போட்டு என்.ஓ.சி. எடுக்க வேண்டும், அங்கே புதுப் பதிவு எண் வாங்கும்வரை வண்டி நம்மூர் டிஎன் 74 எண்ணில்தான், பெயரும் என் பெயர்தான். அந்த ஆயிரத்தை நான் விட்டுவிட்டேன்.