கிரப் மெனுவில் இயல்புத் தேர்வு: எண்ணா, பெயரா, 'சேவ்டு' முறையா?

உபுண்டுவும் விண்டோஸும் ஒரே கணினியில் இருந்தால், பவர் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் எது வரவேண்டும் என்பதை, தொடக்கத்தில் இயங்குதளங்களின் மெனுவைக் காட்டும் கிரப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பிலுள்ள 'கிரப் டிஃபால்ட்' என்ற வரி தீர்மானிக்கிறது. அதில் மெனுவின் வரிசை எண்ணைத் தரலாம், பெயரைத் தரலாம், 'சேவ்டு' என்றும் போடலாம். யாரைக் கேட்டாலும் எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். மூன்றில் சீக்கிரம் காலை வாரிவிடுவதும் அதுதான்.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். உபுண்டு 0, பழைய கர்னல்கள் (உபுண்டுவின் மைய நிரலின் முந்தைய பதிப்புகள்) இருக்கும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' 1, விண்டோஸ் 2 என்று வைத்துக்கொள்வோம். 2 என்று எழுதினால் இன்றைக்கு விண்டோஸ் வரும். நாளைக்கு மெம்டெஸ்ட் வந்து சேர்ந்தால் அது விண்டோஸுக்கு மேலே உட்காரும். அப்புறம் 2 என்பது ரேம் சோதனை. உபுண்டு மட்டும் வந்தால் போதும் என்பவர்களுக்கு 0 பத்திரமானது. மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

பெயர் கொஞ்சம் மேல். ஆனால் விண்டோஸின் பெயரோடு அது எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு டிஸ்க் மாட்டி, டிஸ்க்கின் பெயர் 'எஸ்டிஏ' என்பது 'எஸ்டிபி' ஆகிவிட்டால் மெனுப் பெயர் பொருந்தாது. கிரப் சத்தமில்லாமல் முதல் வரிக்குப் போய்விடும். கிரப் மெனுவை வைத்திருக்கும் சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து பார்த்தால், அதே மெனு வரியின் கடைசியில் 'ஓஎஸ்ப்ரோபர்' என்று தொடங்கும் அடையாளச் சொல் ஒன்று இருக்கும். அது பார்ட்டிஷனின் தனி அடையாளக் குறியான யூயூஐடியை வைத்து உருவாவது; டிஸ்க்கின் பெயர் மாறினாலும் மாறாது. பெயர் வழியில் போவதென்றால் அதையே கொடுங்கள்.

இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கு என் ஓட்டு 'சேவ்டு' முறைக்குத்தான். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே மறுபடி வரும். இதன் அருமை விண்டோஸ் அப்டேட்டின்போது தெரியும். பாதியில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகும். இயல்பு 0 ஆக இருந்தால் உபுண்டு வந்து நிற்கும், அப்டேட் அந்தரத்தில் தொங்கும். 'சேவ்டு' இருந்தால் நேராக விண்டோஸுக்கே திரும்பி வேலையை முடித்துக்கொள்ளும். பலர் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். 'கிரப் சேவ்டிஃபால்ட்' என்ற இன்னொரு வரியில் 'ட்ரூ' என்றும் போட்டால்தான் மெனுவில் தேர்ந்தெடுத்தது நினைவில் நிற்கும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த நினைவு 'கிரப்என்வ்' என்ற 1024 பைட் கோப்பில் எழுதப்படுகிறது. பூட் அடைவு எல்விஎம், ரெய்டு, பிடிஆர்எஃப்எஸ் போன்ற சிக்கலான சேமிப்பு அமைப்புகளில் இருந்தால் கிரப்பால் அங்கே எழுத முடியாது. 'ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலவுடு' என்ற பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான். அங்கே அடையாளச் சொல் வழிதான் சரி.

எதைப் போட்டாலும் 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டினால்தான் நடைமுறைக்கு வரும். கிரப்பின் சிஎஃப்ஜி கோப்பில் நேரடியாகக் கை வைத்தால், அடுத்த கர்னல் அப்டேட்டிலேயே அத்தனையும் அழிந்துபோகும்.

மெனு வராமலே நேராக விண்டோஸ் வந்தால் இந்த வரியை மாற்றிப் பயனில்லை. பயாஸில் பூட் வரிசையைப் பார்த்து உபுண்டுவை மேலே கொண்டுவர வேண்டும். மெனு வந்தும் அதில் விண்டோஸைக் காணோம் என்றால், 2021இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. 'கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி, மறுபடி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்.