சைக்கிள் பந்தய நேரலை: படம் அருமை, பேச்சு போதாது

தொழில்முறைச் சாலை சைக்கிள் பந்தயங்களை ஆண்டு முழுவதும் நேரலையில் வழங்கும் சந்தாச் சேவை ஒன்றைச் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பிரான்ஸில் மூன்று வாரம், நாளுக்கு ஒரு கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் (சுருக்கமாக, டூர்) படம் உலகம் முழுவதும் ஒன்றுதான். பிரெஞ்சுப் பொதுத் தொலைக்காட்சியின் குழுவினர் ஹெலிகாப்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் இருந்து எடுக்கும் காட்சிகளையே எல்லாச் சேவைகளும் பெற்று, அவற்றின் மேல் தத்தம் வர்ணனையை ஏற்றித் தருகின்றன. ஆகவே இது பாதி ஒரு சேவையைப் பற்றிய மதிப்புரை. மீதிப் பாதி, ஊக்கமருந்துக் கறை படிந்த ஒரு விளையாட்டைக் காசு கொடுத்துப் பார்ப்பது தகுமா என்று பலரும் கேட்கும் கேள்வியைப் பற்றியது.

முதலில் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் கட்டம் நான்கு ஐந்து மணி நேரம் நீளும். சமதளக் கட்டங்களில் நாலைந்து பேர் முன்னே ஓடிப்போவதும், பெருங்கூட்டம் அவர்களை எட்டும் தொலைவிலேயே விட்டுவைத்துக் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் விழுங்கிவிடுவதும்தான் வழக்கமான கதை. பொறுமை இல்லாதவர்கள் இறுதி ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்தாலும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் பக்கக்காற்று வீசும் நாள் வேறு. முன்னால் செல்பவர் காற்றைத் தாங்கிக்கொள்ள, அவரை ஒட்டி வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது என்பதே இந்த விளையாட்டின் அடிப்படை. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்த மறைவு சாலையின் அகலத்துக்குள் அடங்கும் சிலருக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், மற்றவர்கள் ஓரத்தில் தொங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அடங்கிய கூட்டம் சில நிமிடங்களில் மூன்று நான்கு சாய்கோடுகளாக உடைவதை மேலிருந்து காட்டும் ஹெலிகாப்டர் காட்சிக்காகவே சந்தா கட்டலாம். சாலையோரம் நிற்கும் ரசிகருக்கு அந்தக் காட்சி கிடைக்கவே கிடைக்காது.

மோட்டார் சைக்கிள் கேமரா காட்டுவது வேறு வகை. 2022 டூரின் 18ஆம் கட்டத்தில், பிரனீஸ் மலையின் ஸ்பாண்டெல் கணவாயிலிருந்து இறங்கும்போது, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த யோனஸ் விங்கேகோரின் சைக்கிள் ஒரு வளைவில் தடுமாறி, கால் பெடலிலிருந்து விடுபட்டு, மயிரிழையில் தப்பியது. சற்று நேரத்தில் இரண்டாம் இடத்திலிருந்து அவரைத் துரத்திய ததே போகச்சர் சாலையோரச் சரளையில் சறுக்கி விழுந்தார். விங்கேகோர் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். எட்டிப்பிடித்து வந்த போகச்சர் கையை நீட்ட, இருவரும் ஓடும் சைக்கிளிலேயே கை குலுக்கிக்கொண்டார்கள். அதற்குப் பின் ஓட்டாகாம் ஏற்றத்தில் விங்கேகோர் அவரை இரக்கமில்லாமல் பின்தள்ளி ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். இவை அனைத்தும் அண்மைக் காட்சியாக, வெட்டில்லாமல், நம் கண்முன்னே நடந்தன. எந்த ஆய்வகமும் பின்னாளில் என்ன சொன்னாலும் அந்தக் கைகுலுக்கலும் அந்த ஏற்றமும் நடந்தவைதான்.

இங்கேதான் நண்பர்களின் கேள்வி வரும்: இவர்கள் எல்லாரும் மருந்து போடுகிறவர்கள்தானே? 'அது அந்தக் காலம்' என்று மழுப்புவது ரசிகருக்கு அழகல்ல. 1967இல் வான்டூ மலை ஏற்றத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தபோது அவர் உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது. 1998இல் டப்ளினில் டூர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ உள்ளிட்ட மருந்துகளைக் கார் நிறைய ஏற்றிக்கொண்டு வந்து, பெல்ஜிய எல்லையில் சுங்கத்தாரிடம் பிடிபட்டார். அந்த அணியே வெளியேற்றப்பட்டது. 2006இல் மாட்ரிட் மருத்துவர் ஃபுயென்டஸின் குளிர்பெட்டிகளில் வீரர்கள் பின்னர் மீண்டும் ஏற்றிக்கொள்வதற்காகச் சேமித்த ரத்தப் பைகள் கிடைத்தன. ஈபிஓவுக்கு 2000 வரை நம்பகமான பரிசோதனையே இல்லை. அதற்கு முன் சர்வதேசச் சைக்கிள் கூட்டமைப்பால் செய்ய முடிந்ததெல்லாம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் 'உடல்நலம் கருதி' வீரரைப் பந்தயத்திலிருந்து நிறுத்தி வைப்பது மட்டுமே. அந்த எல்லையை எத்தனை பேர் குறிக்கோளாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

டூரின் வெற்றியாளர் பட்டியலைப் பாருங்கள். 1999 முதல் 2005 வரை ஏழு ஆண்டுகள் வெற்றிடம். அந்த ஏழையும் வென்ற அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் ஊக்கமருந்துக்காக நீக்கப்பட்டது, இரண்டாம் இடத்தாருக்கு அது தரப்படவும் இல்லை. ஆனால் ஈபிஓ எடுத்ததாகத் தாமே ஒப்புக்கொண்ட பியார்னே ரிஸின் பெயர் 1996க்கு நேரே இன்றும் இருக்கிறது. 1998 டூரில் சேமித்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது ஈபிஓ தெரியவந்தவர்களில் அந்த ஆண்டு வென்ற மார்கோ பான்டானியும் ஒருவர் என்று பிரெஞ்சு செனட்டின் 2013 அறிக்கை சொன்னது. அவர் பெயரும் அங்கேயே இருக்கிறது. யாரை அழிப்பது, யாரை விட்டுவைப்பது என்பதில் காலவரம்புச் சட்டங்கள் பேசினவே தவிர நியாயம் பேசவில்லை. எனவே இந்தப் பட்டியலைக் கல்வெட்டாகக் கருதுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

இந்த ஏமாற்றுகளைப் படம் மறைக்கவில்லை என்பதுதான் வியப்பு. 2004 டூரின் 18ஆம் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்த நேரக் கணக்கில் எவருக்கும் அச்சுறுத்தலே இல்லாத பிலிப்போ சிமியோனி என்ற இத்தாலிய வீரர் முன்னே சென்ற சிறு குழுவோடு சேரப் புறப்பட்டார். மஞ்சள் ஜெர்சியில், பல நிமிட முன்னிலையோடு இருந்த ஆம்ஸ்ட்ராங் தாமே அவரைத் துரத்திப் போய் ஒட்டிக்கொண்டார். மஞ்சள் ஜெர்சி இருக்கும் குழுவைப் பெருங்கூட்டம் தப்பவிடாது என்பதால் முன்னே இருந்தவர்கள் சிமியோனியைத் திரும்பிப் போகச் சொல்ல, அவரும் வேறு வழியின்றிப் பின்தங்கினார். கூட்டத்துக்குத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், உதடுகளை ஜிப்பால் மூடுவது போலக் கேமராவின் முன் சைகை காட்டினார். சிமியோனி செய்த குற்றம், ஆம்ஸ்ட்ராங்கின் மருத்துவரான மிகேலே ஃபெராரிக்கு எதிராக ஊக்கமருந்து வழக்கில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, முன்னாள் அணித் தோழர்கள் 11 பேர் உட்பட 26 பேரின் சாட்சியத்தோடு, ஆம்ஸ்ட்ராங்கின் குற்றத்தை நிறுவும் ஆயிரம் பக்கங்களுக்கு மேலான ஆவணங்களை வெளியிட 2012 வரை ஆனது. ஆனால் 2004இல் அந்தக் கட்டம் நடந்த மாலையே எல்லார் வீட்டுத் திரையிலும் விஷயம் ஓடிவிட்டது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தார்கள்.

இதனால்தான் என் குறை படத்தின் மேல் இல்லை, பேச்சின் மேல் இருக்கிறது. 2024 டூரின் 15ஆம் கட்டத்தில் பிளாட்டோ டி பெயில் ஏற்றத்தில் போகச்சர், 1998இல் பான்டானி எடுத்துக்கொண்டதைவிட மூன்று நிமிடங்களுக்கும் மேல் குறைவான நேரத்தில் உச்சியை அடைந்தார். நான் கேட்ட வர்ணனையில், மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உட்கொள்ளும் புதிய முறை, அகலமான டயர், காற்றுத் தடை குறைந்த உடை, அதற்கு முன் அணிகள் இழுத்த வேகம் எல்லாம் வந்தன. அவை உண்மையான காரணங்களே. ஆனால் முறியடிக்கப்பட்ட அந்தச் சாதனை எப்படிப்பட்ட காலத்தில் படைக்கப்பட்டது என்பது மட்டும் வரவில்லை. போகச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியவர் அல்லர். வேகம் ஒன்றே குற்றத்துக்குச் சான்றும் ஆகாது, குற்றமின்மைக்குச் சான்றும் ஆகாது. இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல அரை நிமிடம் போதும். வழியில் தென்படும் கோட்டை கொத்தளங்களின் வரலாற்றை மணிக்கணக்கில் சொல்ல நேரம் இருப்பவர்களுக்கு இதற்கு நேரம் இல்லை என்பதை ஏற்பது கடினம். சொல்லாமல் விடுவதால் சந்தேகம் குறைவதில்லை. சொல்லாதவர் மேலும் சேர்த்துச் சந்தேகம் வருகிறது.

சேவையின் பழைய பந்தயத் தொகுப்பு இன்னும் மோசம். 2006 டூரில் முந்தைய நாள் பத்து நிமிடம் இழந்து நொறுங்கிப்போன ஃபிளாய்டு லாண்டிஸ், மறுநாள் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே தனியாகப் பறந்து மோர்சினில் வென்ற கட்டம் அதில் இருக்கிறது. அன்று எடுத்த மாதிரியில்தான் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் அகப்பட்டு, அவர் வென்றிருந்த டூர் பட்டம் பறிபோனது. ஆனால் படத்தின் கீழே உள்ள குறிப்பில் 'நம்ப முடியாத மீட்சி' என்று மட்டுமே இருக்கிறது. நம்ப முடியாதது என்பது சரிதான்! ஒரு வரி சேர்த்திருந்தால், புதிதாக வரும் ரசிகர் அதைக் காவியமாக எண்ணிச் சிலாகித்துவிட்டுப் பிறகு அவமானப்பட வேண்டியிருக்காது.

பேசுவதற்கு விஷயம் இல்லாமலும் இல்லை. ஊக்கமருந்துத் தடுப்பு முறை, தன்னளவில், பந்தயத்துக்கு இணையான சுவாரசியம் உடையது. ஒவ்வொரு நாளும் தாம் எங்கே இருப்போம் என்பதையும், சோதனைக்குத் தயாராக இருக்கும் ஒரு மணி நேரத்தையும் வீரர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் மருந்து எடுத்ததற்கு ஒப்பான குற்றம். இருக்கும் இடத்தைப் பற்றிப் பொய் சொன்னதற்காக 2007இல் மிகைல் ராஸ்முசனை, மஞ்சள் ஜெர்சியில் இருக்கும்போதே, அவருடைய அணியே பந்தயத்திலிருந்து இழுத்துக்கொண்டது. 2008இல் வந்த உயிரியல் பாஸ்போர்ட் மருந்தைத் தேடுவதில்லை. வீரரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்து, இயற்கையில் நிகழ முடியாத ஏற்ற இறக்கங்களைத் தேடுகிறது. அது மெதுவானது. ஸ்பெயினில் மூன்று வாரம் நடக்கும் வுவெல்டா பந்தயத்தை 2011இல் கிறிஸ் ஃப்ரூமை 13 விநாடிகளில் வென்ற ஹுவான் ஹோசே கோபோ அந்த முறையில் தண்டிக்கப்பட்டுப் பட்டம் ஃப்ரூமுக்கு வந்து சேர்ந்தது 2019இல். எட்டு ஆண்டு கழித்து வரும் வெற்றியில் மேடை ஏது, மாலை ஏது? சட்டத்துக்கும் ஏமாற்றுக்கும் நடுவே உள்ள சாம்பல் நிறப் பகுதியும் நகர்ந்துகொண்டே இருக்கிறது: டிராமடால் என்ற வலி நிவாரணியைக் கூட்டமைப்பு 2019இல் பந்தயங்களில் தடை செய்தது, அதனால் 2022 டூரில் நைரோ கின்டானா ஆறாம் இடத்தை இழந்தார். கார்பன் மோனாக்சைடைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும் முறைக்கு 2025இல் தடை வந்தது. இதையெல்லாம் ஓய்வு நாள்களில் ஒரு நிகழ்ச்சியாக விளக்கினால் கேட்க ஆளுண்டு. இப்போது ஓய்வு நாள்களில் வருவது, வீரர்கள் காபி அருந்தும் காட்சி.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்? சாதனைப் பட்டியல்களை மனப்பாடம் செய்து, ஒரு நாயகனைத் தேர்ந்து வழிபடும் இயல்புடையவர்களுக்கு வேண்டாம்; நெஞ்சு புண்படும். காற்று, சரிவு, பசி, அணி அரசியல் ஆகியவற்றுக்கு நடுவே மனிதர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்ப்பதில் இன்பம் காண்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். அப்படிப்பட்டவர்கள் டூரில் தொடங்காமல் ஒருநாள் பந்தயங்களில் தொடங்குவது நல்லது. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கருங்கல் பாவிய வழியில் உடம்பே உதிர்ந்துவிடும் போலக் குலுங்கும் பாரிஸ்–ரூபே, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடியபின் கடைசி அரை மணி நேரத்தில் அனைத்தும் முடிவாகும் மிலான்–சான் ரெமோ ஆகிய இரண்டும் போதும். 2022இல் மீண்டும் தொடங்கிய மகளிர் டூரையும் தவறவிடக் கூடாது: 2024இல் அல்ப் டுயேஸ் உச்சியில் டெமி வோலரிங் கட்டத்தை வென்றும், ஒட்டுமொத்தப் பட்டத்தைக் காஷா நியெவியாடோமாவிடம் வெறும் 4 விநாடிகளில் இழந்தார். ஆடவர் டூரின் மிகக் குறைந்த இடைவெளியே 8 விநாடிதான்.

செயலியின் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நேரலை தடங்கலின்றி ஓடுகிறது. இடைவெளிக் கணக்குகள் சில நேரம் பிந்தி வருகின்றன. முடிவைக் காட்டிவிடாமல் மறுஒளிபரப்புப் பார்க்கும் வசதி பெயரளவில் உண்டு, ஆனால் முகப்புப் படத்திலேயே வென்றவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்.

வர்ணனை இன்றிச் சாலையின் ஒலியை மட்டும் கேட்கும் தெரிவு ஒன்று அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. சங்கிலியின் ஓசை, கணவாயில் மக்கள் கூச்சல், மோட்டார் சைக்கிளின் இரைச்சல் ஆகியவற்றோடு மலைக் கட்டங்களை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். ஊக்கமருந்துச் செய்திகளை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்திலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தனியே படித்துக்கொள்கிறேன். ஐந்துக்குப் படத்துக்கு ஐந்து, வர்ணனைக்கு இரண்டு, பழைய தொகுப்புக்கு ஒன்று. சந்தாவை அடுத்த பருவத்துக்கும் புதுப்பித்துவிட்டேன்.