பபிள் ஏர் பெட்: ஐசியூவில் எந்த அளவுக்கு நம்பலாம்?

படுக்கைப் புண்ணைத் தடுக்கப் பல ஐசியூக்கள் வாங்கிப் போடுவது, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பபிள் வகை ஏர் பெட்டைத்தான். இருக்கும் மெத்தைமேல் போடும் பிவிசி விரிப்பு, கால்மாட்டில் மாட்டும் சின்ன பம்ப், இரண்டு குழாய்கள். குமிழ்கள் இரண்டு அணிகளாக, சுமார் 10 நிமிடச் சுற்றில் மாறி மாறி நிரம்பித் தளரும். அதனால் உடம்பில் ஒரே இடம் தொடர்ந்து அழுந்துவதில்லை. விலைக்கு நல்ல பொருள். ஆனால் செவிலியர்களுக்குப் பழக்காமல் கொடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

குமிழ்ப் பக்கம் மேலே இருக்க வேண்டும்; இரு முனை மடிப்புகளையும் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும்; மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக. நடைமுறையில் ரப்பர் ஷீட், டிரா ஷீட் (நோயாளியை நகர்த்த இடுப்புக்குக் கீழே போடும் குறுக்கு விரிப்பு), அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) என்று அடுக்கிவிடுகிறார்கள். வியர்வை தேங்குகிறது, குமிழ்கள் ஏறி இறங்குவதும் தோல்வரை எட்டுவதில்லை.

அடுத்தது பம்பின் திருகு. பெட் கல் மாதிரி இருந்தால்தான் நல்லது என்று கடைசிவரை திருகிவிடுவது வழக்கம். அப்போது மெத்தை உடலை உள்வாங்காது, எலும்பு மேட்டில் அழுத்தம் கூடும். நோயாளியின் எடைக்குரிய அளவில் வைத்து, கையால் சோதிக்க வேண்டும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திய பிறகு, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, ஏர் பெட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே பிட்டத்துக்கு நேர் கீழே கையை நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது 2.5 செ.மீ. காற்று நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த இடத்தில் ஏர் பெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். மட்டமாகப் படுத்திருக்கும்போது சரியாக இருந்த பெட், தலைமாடு உயர்ந்ததும் தட்டும். எடை முழுவதும் பிட்டத்தில் இறங்கிவிடுகிறது. வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு நிமோனியா வராமலிருக்கத் தலைமாட்டை உயர்த்தித்தான் வைக்கிறோம். எனவே ஒவ்வொரு ஷிஃப்ட் ஹேண்டோவரிலும் இரு செவிலியரும் சேர்ந்து இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. முழங்கால் பகுதியை முதலில் உயர்த்திவிட்டுத் தலைமாட்டை ஏற்றினால் நோயாளி கீழே சரியமாட்டார், தோல் இழுபடாது.

பொருளின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஓர் அணியின் குமிழ்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. படுக்கையில் மறந்துவிட்ட ஊசி ஒரு குமிழில் குத்தினாலே அந்த அணி முழுவதும் தளர்ந்துவிடும். கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே குழாய் நசுங்கினாலும் இதே கதிதான். பம்பின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல்) செய்யும்போது காற்றைச் சட்டென்று வெளியேற்றும் சிபிஆர் வால்வு கிடையாது. இதயம் நின்றால் ஒருவர் பம்பிலிருந்து குழாய்களைப் பிடுங்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் மற்றவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

ஏர் பெட் குதிகாலைக் காப்பாற்றாது. கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்க விடுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும், சிவந்த இடத்தில் ஸ்பிரிட், பவுடர் போட்டுத் தேய்ப்பதும் இன்னும் நடக்கின்றன. இரண்டையுமே கைவிட வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுக்கவில்லை என்றால் அதுவே முதல் நிலைப் புண். மாநிறத்திலும் கருத்த தோலிலும் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடா, கெட்டியா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உதட்டோரம் சுவாச டியூப் அழுந்தும் இடத்தையும், மாஸ்க் உட்காரும் மூக்குத் தண்டையும் விட்டுவிடாதீர்கள்.

படுக்கைப் புண் வரும் அபாயத்தை மதிப்பிடும் பிரேடன் அளவையில் (மதிப்பெண் குறையக் குறைய அபாயம் அதிகம்) 18 அல்லது அதற்குக் கீழே இருக்கும், ஓரளவு அசையக்கூடிய, உடல் பருமன் இல்லாத நோயாளிக்கு இந்த பெட்டைத் தாராளமாகப் போடலாம். 12 அல்லது அதற்குக் கீழே என்றாலோ, ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஓடுகிறது என்றாலோ, 5 அங்குலமாவது உயரமுள்ள, சிபிஆர் வால்வு வைத்த டியூப் வகைக்கே (குமிழ்களுக்குப் பதில் குறுக்கே நீளக் காற்றுக் குழல்கள் கொண்டது) செலவு செய்யுங்கள். எதைப் போட்டாலும் புரட்டிப் படுக்கவைக்கும் அட்டவணையை நிறுத்த வேண்டாம்.