அக்ரிலிக்கா, ஆயிலா: நெல்லை வெயிலில் நகரத்தை வரைபவர்களுக்கு

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், கேன்வாஸில் வரைய அக்ரிலிக் வண்ணமா, ஆயில் (எண்ணெய்) வண்ணமா என்றால் நான் ஆயில் பக்கம். நடுநிலையான தீர்ப்பு வேண்டுவோர் இந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படிக்கலாம். குறுக்குத்துறைப் படித்துறையும் வயல்காடும் வரைந்துகொண்டிருந்தவரை எனக்கு வாட்டர்கலரே போதும். ஜங்ஷன், டவுன், வண்ணார்பேட்டை என்று ஊருக்குள் நுழைந்த பிறகுதான் அது போதாமல் போனது. ஈரடுக்குப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்தில் பஸ்ஸும் காரும், கீழ்த் தளத்தில் டூவீலர், அதற்கும் கீழே ரயில். சாயங்காலம் நாலரை மணிக்கு இரண்டு தளத்துக்கும் நடுவில் விழுகிற இருட்டை நீர்த்த வண்ணத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. கெட்டியாகப் பூச வேண்டும், கத்தியால் இழுக்க வேண்டும், சுரண்டி மறுபடி பூச வேண்டும். அதற்கு மாடி அறையில் ஸ்டூடியோ போட்டபோது, அக்ரிலிக் வாங்குவதா, ஆயில் வாங்குவதா என்ற கேள்வி வந்தது. இரண்டையும் வாங்கி இரண்டிலும் வரைந்தேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். அக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதும், வாடை கிடையாது, சீக்கிரம் காயும், ஆரம்பச் செலவு குறைவு. ஆயிலுக்கு ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் வேண்டும், வாடை அடிக்கும், காய நாள் பிடிக்கும், நல்ல ட்யூபுகள் விலை கூடுதல். கேன்வாஸ், அதை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெட்சர் கட்டைச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நகரத்தை வரைய அக்ரிலிக்தான் என்று பலரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் போர்டின் ஓரம், மின்கம்பி, ஷட்டரின் வரிகள், கட்டட விளிம்பு எல்லாம் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அக்ரிலிக்கைப் பூசி, டேப்பை உரித்தால் அரை மணி நேரத்தில் அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆயிலில் அந்த வேகம் நடக்காது. நம் ஊர்ச் சுவர்களின் உண்மையான முகம் போஸ்டர்தான். கண்ணீர் அஞ்சலி மேல் பூப்புனித நீராட்டு, அதன் மேல் கட்சிப் பொதுக்கூட்டம், எல்லாம் பாதி கிழிந்து தொங்கும். அதைக் கேன்வாஸில் கொண்டுவர ஜெல் மீடியம் (அக்ரிலிக்கோடு சேரும் நிறமற்ற கெட்டிப் பசை) அருமையான வழி. லேசர் பிரிண்ட் எடுத்த படத்தைக் குப்புற வைத்து ஜெல்லில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஈரத் துணியால் காகிதத்தைத் தேய்த்து எடுத்தால் மை மட்டும் வண்ணப் படலத்தில் தங்கிவிடும். மாடலிங் பேஸ்ட் என்ற கெட்டிக் கலவையை அப்பிச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையும் உண்டாக்கலாம். இந்த இரண்டு வேலைக்கும் ஆயிலில் மாற்று கிடையாது. கொலாஜும் போஸ்டரும்தான் உங்கள் படம் என்றால் அக்ரிலிக்கை வாங்கிவிடுங்கள், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

எனக்கு முதலில் கசந்தது வேலை செய்யும் நேரம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபேனைப் போட்டால் தட்டில் பிழிந்த அக்ரிலிக் ஆடை கட்டிவிடும். ஈரப் பஞ்சு விரித்த தட்டு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவம், தண்ணீர் ஸ்ப்ரே எல்லாம் உதவும், ஆனால் கை படம் வரைவதை விட்டுவிட்டுத் தட்டைக் காப்பாற்றுவதில் இறங்கிவிடுகிறது. இன்னொன்று, ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட அடர்ந்த நிறம். அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால் வெள்ளையாகவும் காய்ந்தால் கண்ணாடியாகவும் இருப்பதால் வரும் வினை அது. தார் ரோட்டின் சாம்பலும் சிமெண்ட் தூணின் சாம்பலும் நூலிழை வித்தியாசத்தில் நிற்கும் படத்தில், நேற்றுக் கலந்த நிறத்தை இன்று மறுபடி கலப்பது பெரும்பாடு. ஆயிலில் மத்தியானம் கலந்த சாம்பல் மறுநாளும் தட்டில் உயிரோடு இருக்கும். பாலத்தடி இருட்டு மெதுவாக வெளிச்சமாக மாறும் ஓரத்தை உலர்ந்த தூரிகையால் நீவி நீவிக் கரைக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் சரியாகிவிடும் என்று அக்ரிலிக் நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். என்னை ஆயில் பக்கம் திருப்பியது இதெல்லாம் இல்லை. படம் முடிந்த பிறகு நம் ஊர் அதை என்ன செய்கிறது என்பதுதான்.

அக்ரிலிக் காய்வது தண்ணீர் ஆவியாவதால். தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் துணுக்குகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. அந்தப் படலம் விரிசல் விடாமல் வளைந்துகொடுப்பதற்காகவே மிருதுவாகத் தயாரிக்கப்படுகிறது. சாதாரண அறைச் சூட்டிலேயே அது முழுக்க இறுகுவதில்லை; சூடு ஏற ஏற இன்னும் இளகும். குளிர் நாட்டில் இது குறையாகவே தெரியாது. இங்கே மே மாதம் மூடிய அறையில் இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் சாய்த்துவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் பெயரும். பபிள் ராப் சுற்றிப் பார்சல் அனுப்பினால் குமிழ்களின் வட்டம் படத்தில் பதிந்துவிடும். பாளையங்கோட்டையில் ஃபிரேம் போடும் தம்பியிடம் கண்ணாடி போடலாமா என்று கேட்டபோது அவர் விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கண்ணாடி பட்டா ரெண்டும் ஒட்டிக்கிடும்லா" என்றார். எந்தப் புத்தகமும் படிக்காமல் கைப்பழக்கத்தில் சொன்னது அது, முழுக்கச் சரி.

ஒட்டுவதைவிடப் பெரிய தொல்லை தூசி. இளகிய பரப்பில் விழும் தூசி மேலே கிடக்காமல் உள்ளே இறங்கிப் படலத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆனித் தேர் நெருங்கும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேலைக்காற்று ஆடி முழுக்க விடாமல் அடிக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் தரையில் நெறுநெறுவென்று மண். படம் வாங்குகிறவர் வீட்டிலோ பூஜை அறைச் சாம்பிராணிப் புகை, சமையலறைத் தாளிப்பு, ரோட்டுப் பக்க ஜன்னல். நாலைந்து கோடை கடந்தால் வெள்ளையடித்த சுவரெல்லாம் படத்தில் அழுக்கு வெள்ளையாகிவிடும். ஈரத் துணியால் துடைக்கலாமே என்றால், அக்ரிலிக் படலம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். தயாரிப்பின்போது சேர்த்த சில பொருள்கள் பரப்புக்கு வந்து துணியோடு போகும், சமயத்தில் கொஞ்சம் நிறமும் போகும். இதைப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி என்று மியூசியங்களில் இருக்கும் நிபுணர்களே இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஓவியர் கைக்கு வந்ததே 1950களில்தான்.

ஆயில் காயும் விதம் வேறு. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாள் கணக்காகும். உள்ளே இறுக மாதக்கணக்காகும். ஆனால் இறுகிய பின் மே மாதச் சூட்டுக்கு இளகுவதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் பொறுத்து, கழற்றக்கூடிய வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டால், பிறகு தூசியும் புகையும் உட்காருவது வார்னிஷ் மேல்தான். பல வருஷம் கழித்து விவரம் தெரிந்தவர் அந்த வார்னிஷை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம், கீழே உள்ள வண்ணம் அப்படியே இருக்கும். ரவிவர்மா (1848–1906) வரைந்த ஆயில் படங்கள் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் இருக்கின்றன. நெல்லையைவிட ஈரம் கூடிய ஊர் அது. பராமரிப்பு இல்லாமல் அவை நிற்கவில்லை, ஆனால் பராமரிக்க வழி இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்தக் கவலை நம் பக்கத்துக்குப் புதிது என்று தோன்றுகிறது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் (1898–1976) சீடர்களும் வரைந்த சாமி படங்கள் அச்சாகி வீட்டுக்கு வீடு காலண்டராகத் தொங்கின. அச்சானதும் மூலப்படத்தின் முக்கிய வேலை முடிந்துவிடும். நாம் வரையும் ஜங்ஷன் காட்சிக்கு இரண்டாம் பிரதி இல்லை. பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு, பத்து வருஷம் கழித்து என்ன செய்வது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான்.

ஆயிலிலும் சள்ளை உண்டு, மறைக்கவில்லை. மேலே சொன்ன ஆனி, ஆடிக் காற்று ஈர ஆயிலுக்கும் எதிரி. காயாத பரப்பில் விழும் மணல் அங்கேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் நான் பெரிய படம் தொடங்குவதில்லை, ஈரப் படங்களைச் சுவரைப் பார்க்கச் சாய்த்து மேலே அட்டை வைக்கிறேன். இருட்டான பீரோவில் பூட்டிவைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் ஓரளவு தெளியும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடியது மேலே என்ற வரிசையை மீறினால் வெடிப்பு வரும். ஜிங்க் வொயிட் என்ற வெள்ளையை அதிகம் சேர்த்தால் படலம் நொறுங்கும், டைட்டேனியம் வெள்ளை பரவாயில்லை. ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்க விற்கும் காய்ச்சிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், சீக்கிரம் கறுக்கும். அடிப்பூச்சுக்கு பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நல்லது. அதிலுள்ள மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும், கோடையில் மறுநாளே மேலே பூசலாம்.

துணி விஷயம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெய் காயும்போது வெளிவரும் வெப்பம் சுருட்டலுக்குள் அடைபட்டு ஏறிக்கொண்டே போவதுதான் காரணம். மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் கேட்கவே வேண்டாம். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டின்னில் அமுக்கிவையுங்கள்.

இரண்டையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஒரே திசையில். அக்ரிலிக் கீழே, ஆயில் மேலே. பாலத்தின் தூண், கைப்பிடிக் கம்பி, நிழலின் வெட்டு இவற்றை மெல்லிய அக்ரிலிக்கில் டேப் ஒட்டி முதல் நாளே போட்டுவிட்டு, பளபளப்பு இல்லாமல் காய்ந்த பின் ஆயிலில் வெளிச்சத்தையும் கூட்டத்தையும் கொண்டுவருகிறேன். தலைகீழாகச் செய்தால், ஆயில் மேல் அக்ரிலிக் பிடிக்காது, உரிந்து வரும். சுலோச்சனா முதலியார் பாலத்தை (1843இல் தன் சொந்தப் பணத்தில் அவர் கட்டிக்கொடுத்தது) இப்படித்தான் வரைகிறேன். கல் வளைவுகளுக்கு அக்ரிலிக்கின் விளிம்பு, ஆற்றில் விழும் பிம்பத்துக்கு ஆயில்.

வாட்டர்கலரை ஒதுக்கவில்லை, தெருவில் நின்று குறிப்பெடுக்க அதற்கு இணை கிடையாது. முடிந்த படமாகத் தொங்கவிட்டால் கண்ணாடி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதத்தில் பூஞ்சை, ராமபாணப் பூச்சி என்று வேறு கணக்கு. தண்ணீரில் கலக்கும் ஆயில் வண்ணங்களும் கடைக்கு வந்திருக்கின்றன. சிறு படங்களுக்கு மட்டும் தொட்டுப் பார்த்திருக்கிறேன், வாடை இல்லை என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. எதை வாங்கினாலும் ட்யூபின் பின்னால் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் பிஆர் 83 (PR83) என்று இருந்தால் மெல்லிய பூச்சில் வெளிறும்.

கைக்குழந்தை இருக்கும் வீடு, ஜன்னல் ஒன்றே உள்ள அறை, பதினைந்து நாளில் படம் கொடுத்தாக வேண்டிய ஆர்டர் என்றால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு அக்ரிலிக்கே எடுங்கள். அப்படி எடுத்தால் படங்களை நடுவில் இடைவெளி விட்டு நிறுத்திவையுங்கள், பபிள் ராப் படத்தின் முகத்தில் படக் கூடாது, ஃபிரேமில் கண்ணாடி போட்டால் நடுவில் கட்டை வைத்து விலக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சாஃப்ட் ஜெல்லை (ஜெல் மீடியத்தில் இளகிய வகை) தண்ணீரில் கரைத்து ஒரு காப்புப் பூச்சு, அது காய்ந்த பிறகு அதன் மேல் கழற்றக்கூடிய வார்னிஷ். காப்புப் பூச்சு இல்லாமல் வார்னிஷை நேராக அடித்தால், பின்னால் அதை எடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். இந்த வேலையைக் காற்றுக் காலத்துக்கு முன்பே, மாசி பங்குனியில் முடித்துக்கொள்வது நல்லது.