80 வெள்ளி தற்காப்பு வகுப்பு: மத்தியானத்துக்காகப் போகலாம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த ஒருநாள் தற்காப்பு வகுப்புக்குப் போன ஞாயிறு போய் வந்தேன். 80 வெள்ளி, மதியம் நாசி லெமாக் சேர்த்து. பத்து மணி என்று சொல்லி பத்தே முக்காலுக்குத் தொடங்கினார்கள், ஏர்கோன் பாதி நேரம் ஓடவில்லை. காலையில் கற்றுக்கொடுத்த, கையை முறுக்கும் பிடி சுமார்தான், வீட்டில் தம்பியிடம் செய்து காட்டினேன், சிரித்தான்.

கொடுத்த காசு மத்தியானம்தான் திரும்பி வந்தது. மாஸ்டர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். பின்வரிசையில் ஓர் அக்கா, “பாராங் கத்தி வெச்சிருக்கவன ஏன் மாஸ்டர் நெஞ்சுல சுடுறீங்க, கால்ல சுட்டா போதாதா?” என்று கேட்டார். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் ஒரு துப்பாக்கி உறையை என் இடுப்பில் கட்டிவிட்டார், உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் துப்பாக்கி. 21 அடி அளந்து தரையில் டேப் ஒட்டி, காலேஜ் பையன் ஒருவனிடம் ரப்பர் பாராங்கைக் கொடுத்து என்மேல் ஓடிவரச் சொன்னார். முதல் தடவை உறையின் பட்டனையே என்னால் கழற்ற முடியவில்லை, அதற்குள் ரப்பர் தோளில் பட்டென்று விழுந்தது. மூன்றாவது தடவை எடுத்துவிட்டேன், ஆனால் குறிபார்க்க ஏது நேரம், இதில் ஓடுகிற காலை எங்கே போய்த் தேடுவது! அந்தத் தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடலாம் என்று 1983-இல் எழுதியவர் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர். அதற்காக 21 அடிக்குள் வந்தவனையெல்லாம் சுடலாம் என்று நினைக்காதீர்கள் என்று மாஸ்டரே சொன்னது பிடித்திருந்தது.

அப்புறம் 2024 மே மாதம் ஜொகூர், உலு திராம் போலீஸ் நிலையத்தில் நடந்ததைச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றவனை, காயம்பட்ட மூன்றாமவர் சுட்டுக் கொன்றார். கூடமே அமைதியாகிவிட்டது.

ஒரு ஸ்டார் குறைப்பது இதற்கு அடுத்து நடந்ததற்கு. 2010-இல் ஷா ஆலமில் கார் ஓட்டிப்போன பள்ளி மாணவன் போலீஸ் சுட்டு இறந்தானே, அது எப்படி என்று ஓர் அங்கிள் கேட்டதும், “அது வேற கேஸ்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறுதான், சரி, ஆனால் அந்த வேறு என்ன என்பதைத்தானே நாங்கள் கேட்கிறோம்? எதிரே ஓடி வருகிறவனுக்கு 21 அடி கணக்கு பொருந்தும், விலகிப் போகிற காருக்கு எப்படிப் பொருந்தும்? தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிற தண்டனைச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு அவர்கள் கொடுத்த தாளிலேயே இருந்தது, அதைத் தொடவே இல்லை. சுட்டது சரியா என்று பிறகு யார் பார்ப்பது, போலீஸேவா, 2023 ஜூலையில் வந்த சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையமா, அதுவும் இல்லை.

இதற்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்கினால் இன்னொரு 80 வெள்ளி கட்ட நான் தயார். காரில் போகாதீர்கள், பார்க்கிங் கிடைக்காது, கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.